சிறிய இன நாய்க்கு டிரை ஃபுட்: எதை வாங்குவது, எத்தனை கிராம் வைப்பது

புதிதாக நாய் வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த பிராண்டு நல்லது?" என்பதைத்தான். யாராவது ஒரு பெயரைச் சொன்னதும் பை வீட்டுக்கு வந்துவிடும், கிண்ணமும் நிறைந்துவிடும். ஒரு வாரம் நாய் ஆசையாகத் தின்னும். அப்புறம் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். உடனே வேறு பிராண்டு, அதனால் வயிற்றுப்போக்கு, மறுபடியும் வேறு பிராண்டு. இப்படிச் சுற்றுகிறவர்களிடம் நாயின் எடையைக் கேட்டுப் பாருங்கள். "இருக்கும், ஒரு நாலு கிலோ" என்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் எடை, அதிலிருந்து ஒரு நாளுக்கான கலோரி, பிறகு அதற்குப் பொருந்தும் உணவு, கடைசியாகக் கிராம் கணக்கு. இதுதான் வரிசை. முழுதாக வளர்ந்த பிறகும் 10 கிலோவைத் தாண்டாத பொமரேனியன், ஷிட்சூ, சிவாவா, மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர், லாசா ஆப்ஸோ, பக், மினியேச்சர் டாக்ஸண்ட் போன்ற நாய்களுக்கு இந்த வரிசையை மாற்றக் கூடாது. 30 கிலோ நாய்க்கு 10 கிராம் கூடிப்போனால் ஒன்றும் தெரியாது. 3 கிலோ நாயின் ஒரு நாள் சாப்பாடே 65 கிராம் அளவில்தான் வரும். அதில் 10 கிராம் கூடினால் நூற்றுக்குப் பதினைந்து கூடியதாக அர்த்தம்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். உணவோடு வரும் பிளாஸ்டிக் கப்பை நம்ப வேண்டாம். ஒரே கப்பில் ஒரே ஆள் இரண்டு முறை அள்ளினாலே அளவு மாறும். தலை தட்டி அள்ளுகிறவர், கோபுரமாக அள்ளுகிறவர் என்று வீட்டில் இருவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். அளவு குறையக் குறைய இந்தப் பிழையின் பங்கு கூடும் என்பதால் சிறிய நாய்க்குத்தான் தராசு அதிகம் தேவை.

இதோடு போனில் இருக்கும் கால்குலேட்டர், ஒரு சின்ன நோட்டு, ஆழம் குறைந்த கிண்ணம் ஒன்று. சாப்பாட்டுக் கிண்ணம் ஸ்டீலோ பீங்கானோ ஆக இருப்பது நல்லது. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து, அதில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கிவிடும்.

நாய்க்கு ஏற்கனவே சிறுநீரகக் கோளாறு, சிறுநீர்ப்பைக் கல், கணைய அழற்சி, சர்க்கரை நோய் என்று எதையாவது மருத்துவர் கண்டுபிடித்திருந்தால், கீழே உள்ள கணக்கைப் போட வேண்டாம். அவற்றுக்கு உணவே சிகிச்சையின் ஒரு பகுதி. எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

2. எடை போடுங்கள், அப்புறம் விலாவைத் தொட்டுப் பாருங்கள்

ஆள் நிற்கும் எடை எந்திரத்தில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை நின்று கழிப்பது பலரும் செய்வது. லேப்ரடாருக்கு அது போதும். 3 கிலோ நாய்க்கு அதில் 200 கிராம் பிசகினால் நூற்றுக்கு 7 பிசகிவிடும். கிளினிக்கில் இருக்கும் தராசோ, கைக்குழந்தைகளை எடை போடும் தராசோ நல்லது. 5 கிலோ வரை தாங்கும் சமையலறைத் தராசு இருந்தால், அதன் மேல் ஒரு கூடையை வைத்து, அளவைப் பூஜ்ஜியமாக்கி, குட்டியைக் கூடையில் உட்கார வைத்துவிடலாம்.

எடை மட்டும் தெரிந்தால் போதாது. அந்த எடை சரியான எடையா என்பதும் தெரிய வேண்டும். பொமரேனியன், ஷிட்சூ போன்றவற்றில் ரோமம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. விரல்களை ரோமத்துக்குள் விட்டு விலா எலும்புகளின் மேல் லேசாகத் தடவுங்கள். அழுத்தாமலே ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகத் தட்டுப்பட்டு, மேலே மெல்லிய சதை மட்டும் இருந்தால் சரியான உடம்பு. உங்கள் கையை விரித்து, புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவும்போது எப்படி இருக்கிறதோ அப்படி இருக்க வேண்டும். முஷ்டியை மடக்கி விரல் முட்டிகளைத் தடவுவது போல முட்டினால் நாய் மெலிந்திருக்கிறது. உள்ளங்கைப் பக்கம் தடவுவது போல எலும்பைத் தேட வேண்டியிருந்தால் கொழுத்திருக்கிறது.

மருத்துவர்கள் இதை 1 முதல் 9 வரை மதிப்பெண்ணாகப் போடுவார்கள். 4 அல்லது 5 சரி. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து கூடுதல் எடையைக் குறிக்கும். 7 மதிப்பெண் வாங்கிய 6 கிலோ நாய் உண்மையில் 5 கிலோ இருக்க வேண்டியது. கணக்கை அந்த 5 கிலோவுக்குத்தான் போட வேண்டும். 6 கிலோவுக்குப் போட்டால், கூடுதல் கொழுப்புக்கும் சேர்த்துச் சாப்பாடு போடுகிறீர்கள்.

சிறிய இனங்களில் குண்டாவது அழகு சார்ந்த விஷயம் அல்ல. பொமரேனியனிலும் யார்க்‌ஷயர் டெரியரிலும் மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகும் கோளாறு அடிக்கடி வருவது. கொழுப்பு கூடினால் இருமலும் மூச்சுத்திணறலும் மோசமாகும். டாக்ஸண்டுக்கு முதுகுத்தண்டு வட்டு பிதுங்கும், பல சின்ன இனங்களுக்கு முழங்கால் சில்லு விலகும். கூடும் ஒவ்வொரு 200 கிராமும் இவற்றின் மேல்தான் உட்காருகிறது.

3. ஒரு நாளைக்கு எத்தனை கலோரி

அசையாமல் படுத்திருந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்குவது இதற்கான சூத்திரம். பயப்பட வேண்டாம், சாதாரண கால்குலேட்டரிலேயே வரும். எடை × எடை × எடை என்று பெருக்குங்கள், வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை தட்டுங்கள், வருவதை 70-ஆல் பெருக்குங்கள்.

4 கிலோ நாய்க்கு: 4 × 4 × 4 = 64. வர்க்கமூலம் 8. மறுபடியும் வர்க்கமூலம் 2.83. அதை 70-ஆல் பெருக்கினால் 198 கிலோகலோரி. பைகளில் சில சமயம் வெறும் கலோரி என்று எழுதியிருந்தாலும், நாய் உணவில் பேசப்படுவது இந்தக் கிலோகலோரிதான்.

இனி அதை நாயின் நிலைக்கு ஏற்பப் பெருக்க வேண்டும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு 1.6, செய்யாததற்கு 1.8. பெரும்பாலும் மடியிலேயே கிடக்கும், எளிதில் சதை போடும் நாய்க்கு 1.2 முதல் 1.4. எடை குறைக்க வேண்டிய நாய்க்கு, இருக்க வேண்டிய எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு 1. நாலு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு 3, அதற்கு மேல் வளர்ந்து முடியும் வரை 2.

நம் 4 கிலோ நாய் கருத்தடை செய்தது என்று வைத்துக்கொள்வோம். 198 × 1.6 = 317. இதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது சுமார் 32-ஐ, ட்ரீட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். கிண்ணத்துக்கு 285 மிஞ்சும். இந்த எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். கடைக்குப் போகும்போது வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். 3 கிலோ நாய்க்கு ஓய்வு நிலையிலேயே கிலோவுக்கு 53 கிலோகலோரி தேவை. 30 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 30 போதும். சின்ன உடம்பு வேகமாகச் செலவழிக்கிறது, ஆனால் வயிறு சின்னது. கொஞ்ச உணவில் நிறைய சக்தி இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்குக்கூடத் தேவை கணிசமாக மாறுபடும். இப்போது கிடைத்த எண் தொடக்கப் புள்ளி. திருத்துவது எப்படி என்பது கடைசிப் பகுதியில் வருகிறது.

4. பையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பிரீமியம், ஹோலிஸ்டிக் போன்ற சொற்களுக்குச் சத்து சார்ந்த வரையறை எதுவும் கிடையாது. துள்ளும் நாய், பளபளக்கும் இறைச்சித் துண்டு, பச்சை இலைகள், எல்லாம் ஓவியர் வேலை. பின்பக்கத்தில் கீழ்க்கண்டவற்றை இந்த வரிசையிலேயே தேடுங்கள். முதல் இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் பையைத் திரும்ப வைத்துவிடலாம்.

முழுமையான உணவா? "கம்ப்ளீட் அண்டு பேலன்ஸ்டு" அல்லது "கம்ப்ளீட்" என்ற வாசகம் இருக்க வேண்டும். "காம்ப்ளிமென்டரி" என்று இருந்தால் அது துணை உணவு. அதை மட்டுமே போட்டால் சத்துக்குறைவு வரும். இரண்டு சொல்லும் பார்க்க ஒன்று போலிருப்பதால் மாற்றி வாங்குகிறவர்கள் உண்டு.

எந்த வயதுக்கு? குட்டியின் வளர்ச்சிக்கா, வளர்ந்த நாயின் பராமரிப்புக்கா, எல்லா வயதுக்குமா என்பது அதே வாசகத்தில் இருக்கும். எல்லா வயதுக்கும் என்றால் குட்டியின் தேவையையும் நிறைவு செய்கிறது என்று பொருள். அதனால் குட்டிக்குத் தாராளமாகத் தரலாம்; சோம்பலான வளர்ந்த நாய்க்குக் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். பெரும்பாலான பைகளில் இந்த வாசகம் ஆஃப்கோ (AAFCO) எனப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் சத்து அளவுகளையோ, ஐரோப்பியச் செல்லப்பிராணி உணவுத் தொழில் கூட்டமைப்பான ஃபெடியாஃபின் (FEDIAF) அளவுகளையோ சுட்டும். ஆஃப்கோ எந்த உணவையும் சோதித்துச் சான்று தருவதில்லை, அளவுகளை வகுப்பதோடு சரி. "ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது" என்று யாராவது விற்றால் அந்த வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஃப்கோ அளவுகளில் சிறிய இனத்துக்கென்று தனிப் பட்டியல் இல்லை. பையில் "சிறிய இனம்" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் துகள் சிறியது, சக்தி சற்று அடர்த்தி என்றுதான் அர்த்தம். அந்த இரண்டும் உண்மையிலேயே பயன்படும். ஆனால் அந்த வாசகம் இல்லாத நல்ல உணவும் உங்கள் நாய்க்குப் பொருந்தலாம். "பெரிய இனக் குட்டி" என்று குறிப்பிட்டது மட்டும் வேண்டாம். எலும்பு வேகமாக வளர்ந்துவிடாமல் இருக்க அதைச் சக்தி குறைத்துத் தயாரித்திருப்பார்கள்.

கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி? பொதுவாக 3,500 முதல் 4,000 வரை இருக்கும். 3,800 என்றால் ஒரு கிராமுக்கு 3.8. சில பைகளில் இந்த எண்ணே இருக்காது. அப்போது நீங்களே கண்டுபிடிக்கலாம். புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் (உணவை எரித்தால் மிஞ்சும் தாதுப்பொருள்) ஐந்தையும் கூட்டி 100-இலிருந்து கழித்தால் மாவுச்சத்து. சாம்பல் அளவைப் போடாவிட்டால் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். புரதம் 26, கொழுப்பு 15, நார் 3, ஈரப்பதம் 10, சாம்பல் 7 என்றால் மாவுச்சத்து 39. கூட்டினால் 91 + 127.5 + 136.5 = 355. நூறு கிராமுக்கு 355, கிராமுக்கு 3.55. உத்தேசக் கணக்குதான், ஆனால் கப்பை விட எவ்வளவோ மேல்.

புரதமும் கொழுப்பும். ஆஃப்கோ சொல்லும் குறைந்தபட்சம், ஈரத்தை நீக்கிய கணக்கில், வளர்ந்த நாய்க்குப் புரதம் 18 சதவீதம், கொழுப்பு 5.5. குட்டிக்கு 22.5, 8.5. பையில் இருப்பது ஈரத்தோடு சேர்ந்த எண். ஈரப்பதம் 10 என்றால் பையின் எண்ணை 0.9-ஆல் வகுங்கள், 26 என்று போட்டிருந்தால் 28.9 வரும். இரண்டு பைகளை ஒப்பிடும்போது இப்படி வகுத்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். கொழுப்பு கூடினால் நாய் விரும்பித் தின்னும், கலோரியும் ஏறும். மினியேச்சர் ஷ்னாசர், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற இனங்களுக்குக் கணைய அழற்சி வரும் வாய்ப்பு அதிகம். அவற்றுக்கு அதிகக் கொழுப்புள்ள உணவைத் தேடிப் போக வேண்டாம்.

மூலப்பொருள் பட்டியல். சமைப்பதற்கு முன் இருந்த எடைப்படி, அதிகத்திலிருந்து குறைவுக்கு எழுதுவார்கள். பச்சைக் கோழி இறைச்சியில் 70 சதவீதம் அளவுக்குத் தண்ணீர். அது முதலிடத்தில் இருந்தாலும் உலர்ந்த பிறகு பங்கு சுருங்கிவிடும். "சிக்கன் மீல்" என்பது ஏற்கனவே தண்ணீரும் கொழுப்பும் நீக்கிய தூள். கேட்க மட்டமாகத் தெரிந்தாலும் கிராமுக்கு அதில்தான் புரதம் அதிகம். பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று ஒரே பொருளைப் பிரித்து எழுதியிருந்தால் மூன்றையும் மனதுக்குள் கூட்டிப் பாருங்கள். இறைச்சி முதலிடத்தில் நிற்கக் காரணம் அந்தப் பிரிப்பாக இருக்கலாம்.

தானியம் இல்லாத உணவு. பலர் இதை உயர்ந்த ரகம் என்றே நினைக்கிறார்கள். பட்டாணி, பயறு, உருளைக்கிழங்கு அதிகமுள்ள உணவுகளுக்கும் இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணையைத் தொடங்கியது. இதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் மருத்துவர் சொல்லும் காரணம் இல்லாமல் தானியத்தைத் தவிர்ப்பதால் நாய்க்குத் தனியாக லாபமும் இல்லை. உண்மையில் உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி ஆகியவற்றுக்கு ஒவ்வாமை வருவது தானியத்தை விடச் சகஜம்.

கடைசியாகத் தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் எண். மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். பெரிய மூட்டையைப் பிரித்து உதிரியாக நிறுத்துத் தரும் உணவில் இவை எதுவும் கையில் வராது. எப்போது பிரித்தார்கள் என்பதும் தெரியாது. அது வேண்டாம்.

5. துகளையும் வாயையும் பொருத்திப் பாருங்கள்

நாய்க்குப் பால் பற்கள் 28, வளர்ந்த பிறகு 42. சின்னத் தாடையிலும் அதே 42 தான் நெருக்கியடித்து நிற்கின்றன. துகள் பெரிதாக இருந்தால் சிவாவா அதைக் கவ்வி எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து, கடைசியில் விட்டுவிடும். வீட்டில் இதைப் பிடிவாதம் என்பார்கள். அதே சமயம் மிளகு அளவுக்குச் சிறியதாக இருந்தால் மெல்லாமல் விழுங்கிவிடும், அவசரமாகத் தின்கிற நாய் வாந்தியும் எடுக்கும். இரண்டு மூன்று துகளை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். கடக் கடக்கென்று ஓரிரு முறை கடிக்கும் சத்தம் கேட்டால் அளவு சரி.

பக், ஷிட்சூ போன்ற தட்டை முக நாய்கள் நாக்கால் வாரி எடுக்கும். அவற்றுக்கு வழவழப்பான உருண்டையை விட விளிம்போ குழிவோ உள்ள துகள் வாகாக இருக்கும்.

டிரை ஃபுட் பல்லைச் சுத்தம் செய்துவிடும் என்பதை நம்பிப் பிரஷ்ஷை ஒதுக்க வேண்டாம். சாதாரணத் துகள் பல் பட்டதுமே உடைந்துவிடுகிறது. ஈறு ஓரத்தில் அது தேய்ப்பதே இல்லை. பல்லுக்கென்று தயாரித்த உணவு வேண்டுமென்றால் கால்நடை வாய்நலக் கவுன்சிலின் (VOHC) முத்திரை இருக்கிறதா பாருங்கள். நெருக்கமான பற்களில் காரை சீக்கிரம் படியும் என்பதால் சிறிய இனத்துக்குத் தினமும் பிரஷ் செய்வது தனி வேலையாகவே இருக்கட்டும்.

6. எவ்வளவு பெரிய பை, எங்கே வைப்பது

பையைத் திறந்ததும் காற்று பட்டுக் கொழுப்பு கெடத் தொடங்கும். திறந்த பை ஆறு வாரத்துக்குள் தீர வேண்டும். 285 கிலோகலோரியை 3.8-ஆல் வகுத்தால் நாளைக்கு 75 கிராம். 42 நாளைக்குச் சுமார் 3 கிலோ. நம் 4 கிலோ நாய்க்கு அதுவே உச்ச அளவு. 2 கிலோ நாய்க்கு நாளைக்கு 45 கிராம்தான் வரும், 2 கிலோ பையே ஆறு வாரம் ஓடும். பெரிய பை மலிவு என்று வாங்கிவிட்டு நாலு மாதம் ஓட்டுவது நிறையப் பேர் செய்வது. "முதலில் நன்றாகச் சாப்பிட்டது, இப்போது தொடவில்லை" என்று வருகிற புகாரில் பாதிக்கு இதுதான் விடை என்பது என் எண்ணம். பையின் அடியில் மூக்கை வைத்துப் பாருங்கள்; பழைய எண்ணெய் வாடை அடித்தால் நாய் சொல்வது சரி.

உணவை வாங்கிய பையிலேயே வைத்து, வாயை இறுக மடித்து, அந்தப் பையோடு காற்றுப் புகாத டப்பாவுக்குள் இறக்குங்கள். டப்பாவில் நேரடியாகக் கொட்டினால் சுவரில் எண்ணெய் படிந்து, அடுத்த முறை கொட்டும் புது உணவையும் கெடுக்கும். ஏதாவது கோளாறு என்றால் லாட் எண்ணும் கைவசம் இருக்காது. வைக்கும் இடம் 27 டிகிரிக்குக் கீழே, ஈரமில்லாமல் இருப்பது நல்லது. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் திறக்கும்போதெல்லாம் ஈரம் கோத்துப் பூஞ்சை வர வழியாகும்.

அள்ளிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உலர்ந்த உணவிலும் சால்மோனெல்லா இருக்கலாம்.

7. பழைய உணவிலிருந்து மாற்றுவது

குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புது உணவுக்குப் பழக நாள் பிடிக்கும். 7 முதல் 10 நாள் ஒதுக்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு மூன்று நாள் பாதிக்குப் பாதி, பிறகு முக்கால் பங்கு, அதன் பின் முழுதும் புதியது. 75 கிராமில் கால் பங்கு என்றால் 19 கிராம். கண்ணளவில் போடாமல் இதையும் நிறுத்தே போடுங்கள்.

மலம் இளகினால் முந்தின படிக்குத் திரும்பி இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள். தண்ணீராகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, வாந்தியும் சேர்ந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். 2 கிலோ உடம்பில் நீர் வற்ற அதிக நேரம் ஆகாது.

புதிதாக வீட்டுக்கு வந்த குட்டிக்கு, முன்பு இருந்த இடத்தில் என்ன கொடுத்தார்களோ அதையே முதல் வாரம் கொடுங்கள். இடமும் மனிதர்களும் ஒரே நாளில் மாறியிருக்கும்போது சாப்பாடும் மாறினால் வயிறு கட்டாயம் கெடும்.

8. அளந்து வைப்பது, எத்தனை வேளை

காலையிலேயே அன்றைய முழு அளவையும் நிறுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுவிடுங்கள். வீட்டில் யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியென்றால் அன்றைக்கு முடிந்தது. இந்த ஒரு ஏற்பாடு, "நான்தான் கொடுக்கவே இல்லையே" என்று இரண்டு பேர் தனித்தனியாகக் கொடுப்பதை நிறுத்திவிடும்.

மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு 4 வேளை, மூன்று முதல் ஆறு மாதம் வரை 3 வேளை, பிறகு 2 வேளை. வளர்ந்தும் 2 கிலோ அளவிலேயே இருக்கும் நாய்க்கு 3 வேளையாகவே தொடர்வது நல்லது.

குட்டிக்கு வேளை தவறுவது ஆபத்து. மிகச் சிறிய இனக் குட்டிகளிடம் சர்க்கரையைச் சேமித்து வைக்க ஈரலும் தசையும் போதாது. சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். குட்டி சோர்ந்து விழும், நடை தள்ளாடும், உடல் நடுங்கும், முற்றினால் வலிப்பு வரும். விழுங்கும் நிலையில் இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். தேனோ குளுக்கோஸ் கரைசலோ விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். தெளிந்துவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

நாள் முழுக்கக் கிண்ணத்தில் உணவு கிடப்பதை நான் ஆதரிப்பதில்லை. எவ்வளவு தின்றது என்றே தெரியாது. பசி குறைந்தது நோயின் முதல் அறிகுறியாக வரும்போது அது கண்ணில் படாமல் போய்விடும்.

9. தண்ணீரும் ஊறவைப்பதும்

டிரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதம் அளவில்தான். மீதியை நாய் குடித்தாக வேண்டும். கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்று வைத்தால் 4 கிலோ நாய்க்கு 200 முதல் 240 மில்லி. ஷிட்சூ, லாசா, யார்க்‌ஷயர் டெரியர், மினியேச்சர் ஷ்னாசர் ஆகியவற்றில் கால்சியம் ஆக்சலேட் கல் அதிகம் வருவதால் இந்த அளவில் குறை வைக்கக் கூடாது. குடிக்காத நாய்க்கு உணவிலேயே தண்ணீர் சேர்த்துவிடுங்கள்.

வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் விட்டால் துகள் மெத்தென்று ஆகும். பல் முளைக்கும் குட்டிக்கும் பல் விழுந்த கிழ நாய்க்கும் இது வசதி. நீர் சேர்க்கும் முன்னேயே நிறுத்துவிட வேண்டும். ஊறிய பிறகு நிறுத்தால் எடை மாறிவிடும். நாய் மிச்சம் வைத்த ஊறிய உணவை மூடிவைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

பாலில் ஊறவைக்க வேண்டாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிப்பதில்லை, பாலின் கலோரியும் கணக்கில் வராமல் ஏறும். குழம்பு, கிரேவி என்றால் அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை.

10. ட்ரீட், மேல்சேர்க்கை

ஒதுக்கிய 32 கிலோகலோரியை நினைவில் வையுங்கள். நடுத்தர நாய்க்கான பிஸ்கட் ஒன்றிலேயே 40 வரை இருக்கலாம். ஒரு துண்டைக் கொடுத்தாலே ஒதுக்கீடு முடிந்தது. பழக்குவதற்கு ட்ரீட் நிறையத் தேவைப்படும் நாட்களில், அன்றைய டப்பாவில் இருக்கும் துகள்களையே எடுத்துக் கொடுங்கள். நாய்க்கு எண்ணிக்கைதான் குஷி. அளவு பெரிதா சிறிதா என்று அது பார்ப்பதில்லை.

முழுமையான உணவின் மேல் கால்சியம் டானிக், விட்டமின் சொட்டு என்று சேர்க்கத் தேவையில்லை. அந்த விகிதம் ஏற்கனவே கணக்கிட்டு வைத்தது, மேலே ஊற்றினால் அது குலையும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், மகடேமியா கொட்டை, சைலிடால் சேர்த்த சர்க்கரையில்லா இனிப்புகள் கொஞ்சம்கூடக் கூடாது. மாத்திரையை வேர்க்கடலை வெண்ணெயில் பொதிந்து கொடுக்கிறவர்கள் அதன் லேபிளில் சைலிடால் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

11. சாப்பிட மறுத்தால்

முதலில் நோயா என்று பாருங்கள். சோர்வு, வாந்தி, வாய் நாற்றம், ஒரு பக்கமாகக் கடிப்பது, இவற்றில் எதுவாவது இருந்தால் இது பழக்கச் சிக்கல் இல்லை. வளர்ந்த நாய் ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கேளுங்கள். குட்டிக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது.

நாய் உற்சாகமாகத்தான் இருக்கிறது, டிரை ஃபுட்டை மட்டும் ஒதுக்குகிறது என்றால், கிண்ணத்தை 15 முதல் 20 நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை நடுவில் எதுவும் தர வேண்டாம். இந்த முறை ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு மட்டும்தான். குட்டிகளிடமும் மிகச் சிறிய உடம்புள்ளவற்றிடமும் செய்யக் கூடாது. வீட்டில் யாரோ ஒருவர் மனசு கேட்காமல் மேசையிலிருந்து ஒரு துண்டைப் போட்டால், நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: காத்திருந்தால் நல்லது வரும். கலோரிக் கணக்கையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தேவைக்கு மேல் வைத்துவிட்டு, மிச்சம் வைக்கிறது என்று கவலைப்படுவது நிறைய நடக்கிறது.

12. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திருத்துங்கள்

ஒரே தராசில், ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். குட்டிக்கு வாரம் ஒரு முறை. எடையோடு விலாவையும் தடவிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் உணவை நூற்றுக்குப் பத்து கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். 75 கிராமில் அது 7 அல்லது 8 கிராம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் கையை வைக்க வேண்டாம். தினமும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இளைக்க வேண்டிய நாய் வாரத்துக்கு 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும். 5 கிலோ நாய்க்கு 50 முதல் 100 கிராம். அதற்கு மேல் வேகமாகக் குறைத்தால் தசையும் சேர்ந்து போகும். கணக்குப்படி மிகக் கொஞ்சமாகத்தான் வைக்க முடிகிறது என்றால், சாதாரண உணவையே மேலும் மேலும் குறைக்காமல் எடைக் குறைப்புக்கான உணவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். வெறுமனே அளவைக் குறைத்தால் கலோரியோடு சத்துகளும் குறையும்.

மலத்தையும் பாருங்கள். கையால் எடுத்தால் உருக்குலையாமல், தரையில் லேசான ஈரத்தடம் மட்டும் விட்டு வந்தால் நல்லது. உணவு மாற்றாமலே அளவு கூடி இளகினால் பெரும்பாலும் கிண்ணத்தில் கூடிப்போயிருக்கும்.

மூன்று சமயங்களில் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். கருத்தடைக்குப் பிறகு தேவை 20 முதல் 30 சதவீதம் வரை குறையும், பசி மட்டும் கூடும். அறுவைப் புண் ஆறியதும் அளவை மாற்றிவிடுங்கள். சிறிய இனங்கள் 10 முதல் 12 மாதத்தில் வளர்ந்து முடிப்பதால், குட்டி உணவை அப்போது ஏழாம் பகுதியில் சொன்னபடி படிப்படியாக மாற்ற வேண்டும். மூன்றாவது, பையில் ஃபார்முலா மாறும்போது. "புதிய செய்முறை" என்று ஓரத்தில் சின்னதாகப் போட்டிருப்பார்கள். கிலோகலோரி எண் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழைய கிராமை வைக்க வேண்டும்.